பூஸ்ட் மீட்டரில் முள் ஏறாத எட்டு நாள்

மகனே,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது நெஞ்சில் முதலில் நிற்பது அது இல்லை. இல்லாததை முதல் வரியிலேயே எழுதினால், நான் உன்னிடம் எதற்காகக் கோபப்படுகிறேனோ அதையே நானும் செய்தவளாவேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்ல உன் நைனா இல்லை. நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் "மீட்டிங்ல கீறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தெலுங்கு மீடியத்தில் படித்த உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படிக்கட்டும் என்றுதான். உன் கம்பெனியில் வேலை செய்கிற நம்மூர் சுமதியிடம் கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டவில்லை. அவள் படித்தாலும் சரி, நீ கட்டிக்கொள்ளப் போகிற லாவண்யாவிடம் காட்டினாலும் சரி. இந்தக் குடும்பத்தில் மூடி வைத்தது போதும்.

மலைப்பாதையில் அன்றைக்கு டர்போ பைப் வெடித்தது உனக்கு நினைவிருக்கும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திருமலைக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் 'பொத்' என்று ஒரு சத்தம். வண்டிக்கு இழுவையே போய்விட்டது. பின்னால் கறுப்புப் புகை. முதல் கியரில் உருட்டி உருட்டி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் என் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தபோது நீ சொன்னாய்: "மா, ஒரு பூஸ்ட் மீட்டர் மாட்டிட்டா போதும். டர்போ எவ்ளோ காத்து தள்ளுதுன்னு கண்ணாலயே பாக்கலாம். பைப் லீக் ஆனா மொதல்லயே முள்ளு காட்டிக் குடுத்துடும்." எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வண்டி ஓட்டாதே, ஓட்டாதே என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், முதல் முறையாக நான் பத்திரமாக ஓட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறானே என்று நினைத்தேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்த நாலு பேர் முகத்தைப் பார்க்க இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வேலை பார்க்கிற சத்தியவேட்டிலிருந்து வந்தாய். டீ கூடக் குடிக்காமல் வேலையில் இறங்கினாய். ஸ்டியரிங் பக்கத்தில் மீட்டரை ஒட்டினாய், அதன் பின்னாலிருந்து மெல்லிய கறுப்பு டியூப் ஒன்றை உள்ளே விட்டு, என்ஜின் பக்கம் இழுத்தாய். வெயிலில் நான்கு மணி நேரம் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்தாய். நான் உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன், நெற்றி வேர்வையைத் துடைத்தேன். சாவியைப் போட்டதும் மீட்டரில் நீல விளக்கு எரிந்தது. "பாத்தியாமா" என்றாய். முள் பூஜ்யத்திலேயே இருக்கிறதே என்றேன். "டீசல் வண்டிமா. நின்னுகினு இருக்கும்போது பூஜ்யம்தான். மேடு ஏறும்போது பாரு" என்றாய். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உண்மையை வைத்தே ஏமாற்றுவதை எங்கே கற்றாய்?

சாப்பிட்டுவிட்டு, புதுசாக ஒரு பொருள் வண்டியில் ஏறியிருக்கிறது, சும்மா ஓட்டக் கூடாது என்று காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பச் சொன்னேன். நீதான் ஓட்டினாய். கோயில் வாசலில் ஐயர் பானெட்டில் குங்குமம் வைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுங்க சாமி, என் புள்ள மாட்டினது" என்று மீட்டர் கண்ணாடியைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். கற்பூரத் தட்டு உன்னிடம் வந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் ஒற்றிக்கொண்டாய்.

அடுத்த எட்டு நாள் நான் பட்ட பாட்டைக் கேள். சந்திரகிரி தாண்டி மேட்டில் மிதித்துப் பார்த்தேன், முள் ஏறவில்லை. உனக்குப் போன் செய்தேன். "லோடு பத்தாதுமா, ஆளுங்கள ஏத்திகினு மல ஏறனாதான் ஏறும்" என்றாய். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். கண் பாதி ரோட்டில், பாதி மீட்டரில். முள் அசையவில்லை. மறுபடி பைப் வெடித்துவிட்டதோ என்று பயந்து வழியெல்லாம் இரண்டாம் கியரில் ஊர்ந்தேன். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். பைப்பைத் தொட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, வண்டியும் நன்றாக இழுக்கிறது, ஆனால் மீட்டர் காற்றே இல்லை என்கிறது. நான் யாரை நம்புவது? என் காலுக்குக் கீழே இழுக்கிற வண்டியையா, என் மகன் மாட்டிய மீட்டரையா? நான் மீட்டரைத்தான் நம்பினேன். டர்போவே போய்விட்டது என்று முடிவு கட்டி, வந்த இரண்டு சவாரியை வேண்டாம் என்றேன். மறுபடி உனக்குப் போன். "டியூப்ல ஈரம் பூந்திருக்கும், காஞ்சா சரியாயிடும்." அதற்கு அடுத்த போனில், "மீட்டரே டூப்ளிகேட் போல கீது. நீ வுடு. நான் வந்து பாக்கறேன். கை மட்டும் வெக்காத." அந்தக் கடைசி வார்த்தை எனக்கு இடித்தது. இத்தனை வருஷத்தில் வண்டியில் கை வைக்காதே என்று நீ சொன்னதில்லை. மெக்கானிக்கிடம் காட்டிவிடுமா, மெக்கானிக்கிடம் காட்டிவிடுமா என்றுதான் சொல்வாய்.

காட்டினேன். சாலை முனையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற மஸ்தான் உனக்குத் தெரிந்தவன்தான், உன் நைனா காலத்திலிருந்து நம் வண்டியைப் பார்க்கிறவன். டர்போவைக் கழற்றிப் பார்த்துவிடு என்று சொன்னேன். அவன் கழற்றவில்லை. "ஆகண்டிக்கா, இருங்க, மொதல்ல மீட்டரப் பாக்கலாம். நோயே இல்லாம ஆபரேசன் பண்ணக் கூடாது" என்றான். மீட்டருக்குப் பின்னால் இருந்து டியூபைப் பிடுங்கினான். என் வீட்டு சைக்கிள் பம்பைக் கொண்டுவரச் சொல்லி, மீட்டரின் வாயில் வைத்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தினான். முள் சர்ரென்று ஏறியது. இன்னொரு அழுத்து, இன்னும் ஏறியது. "மீட்டர் பாகுந்திக்கா. டூப்ளிகேட் இல்ல, கில்லிமாதிரி கீது." மீட்டர் நல்லது என்றால் என் மகன் சொன்னது?

சரி, டியூபில் அடைப்பு என்றான். உள்பக்கத்து முனையை என் வாயில் வைத்து ஊதச் சொன்னான், அவன் என்ஜின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றான். கன்னம் வலிக்க ஊதினேன். காற்று போகவே இல்லை. ரப்பர் வழியாக டியூப் நுழைகிற இடத்தில் நசுங்கியிருக்கும் என்று அதைத் தளர்த்தினான். அப்போதும் போகவில்லை. அப்புறம் என்ஜின் பக்கத்திலிருந்து டியூபைத் தடவிக்கொண்டே போனான். டர்போவிலிருந்து காற்று போகிற பெரிய பைப்பில் மூன்று வாய் உள்ள சின்ன ஜாயின்ட் ஒன்று போட்டு, அதில்தான் இந்த டியூபைச் சொருக வேண்டுமாம். ஜாயின்ட் இல்லை. பைப்பில் ஒரு கீறல் கூட இல்லை. டியூபோ பேட்டரிக்குப் பின்னால் ஒயர் கட்டோடு கட்டாகக் கிடந்தது. முனையை இரண்டாக மடித்து, கறுப்பு டேப் சுற்றி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாய். மறந்துபோய் விட்டிருந்தால் முனை திறந்து கிடந்திருக்கும். யாரும் மறந்துபோய் மடித்துக் கட்ட மாட்டார்கள்.

மஸ்தான் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான்தான், "பையன் அவசரத்துல வுட்டுட்டான் போல" என்றேன். பார், அந்த நேரத்திலும் உனக்காக அடுத்தவனிடம் சப்பைக்கட்டு கட்டியிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே விளக்குக்குப் போகிற ஒயரைப் பிடித்துக்கொண்டு போனான். மீட்டர் விளக்குக்கு இரண்டு ஒயர் போதும். அந்தக் கட்டில் நாலு இருந்தது. மற்ற இரண்டும் பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்கிற டிராயருக்குப் பின்னால் போயின. டிராயரைக் கழற்றினால், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்தது. "இது இன்னா மஸ்தான்?" என்றேன். கைத்துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, "டிராவல்ஸ் ஓனருங்க வெப்பாங்கக்கா. டிரைவர் வண்டிய எங்க எடுத்துகினு போறான்னு போன்ல பாக்கறதுக்கு" என்றான்.

அவன் கடையிலிருந்தே உனக்குப் போன் செய்தேன். அன்றைக்குப் பேசியது எனக்கு ஒரு எழுத்து கூட மறக்கவில்லை.

"டியூப எங்கடா சொருகின?"

"இன்டேக் பைப்லதான்மா. ஜாயின்ட் போட்டு சொருகிருக்கேன். ஏன், இன்னாத்துக்கு?"

"நல்லா நெனப்பு கீதா?"

"சத்தியமாமா."

"சரி. காணிப்பாக்கம் வந்து சொல்றியா?"

சித்தூர் சுற்றுவட்டத்தில் இந்தக் கேள்விக்கு அப்புறம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். வரப்புச் சண்டையாக இருந்தாலும் சரி, கோழித் திருட்டாக இருந்தாலும் சரி, பிள்ளையார் முன்னால் வந்து தலை முழுகிச் சொல் என்றால் பாதிப் பேர் வழியிலேயே ஒப்புக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீயும் நம் ஊர்க்காரன்தானே. "மஸ்தான் அண்ண பிரிச்சிட்டாரா?" என்றாய். மன்னிச்சிடுமா என்பதற்கு முன்னால் உன் வாயில் வந்தது அதுதான்.

என்னைப் பற்றிய கவலையில் வைத்திருப்பாய் என்று நினைத்தேன். மலையில் அம்மா தனியாக மாட்டிக்கொண்டால் எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமே என்று பதறி வைத்திருந்தால், இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். அதற்குத்தான் வைத்தேன் என்று சொல்லிவிடடா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனைப் பிடித்திருந்தேன். நீ உண்மையைச் சொன்னாய். "லாவண்யா வூட்ல, நீ வண்டி ஓட்டறத வுட்டுட்ட, நமக்கு டிராவல்ஸ் கீது, ஆளுங்க ஓட்டறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்மா. அவங்க மாமா திருப்பதி பஸ் ஸ்டாண்டாண்டதான் கடை வெச்சிகினு கீறாரு. நீ எப்ப அங்க வரன்னு தெரிஞ்சா, அவங்க கண்ல படாம பாத்துக்கலாம்னுதான்…" நான் காணாமல் போய்விடக் கூடாது என்று வைத்த பெட்டி இல்லை அது. அவர்கள் கண்ணில் நான் பட்டுவிடக் கூடாது என்று வைத்த பெட்டி. அதற்கு ஒயர் இழுக்க மீட்டர் வெறும் சாக்கு, அதனால்தான் டியூபைச் சொருகாமல் மடித்துக் கட்டிவிட்டாய்.

இப்போது என் குற்றத்தையும் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று நீ கேட்டாய், நான் இனி வாடகைக்கு ஓட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் தாங்கவில்லை. எதிர்வீட்டுக் கோவிந்தம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் திருப்பதியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பஸ்ஸில் போய் வந்தால் அவளால் படியேற முடிவதில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்று தொட்டு ஒன்று, மற்ற சவாரியும் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. மலைக்கு ஏற்றிப்போனதெல்லாம் சொந்தக்காரர்கள், காசு வாங்கவில்லை என்றேன். பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமையை நீ நினைத்துப் பார். மீட்டர் மாட்டிய அதே வாரம். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோவிந்தம்மாவுக்காகக் காத்திருந்தேன். நீ போன் செய்தாய். "எங்கமா கீற?" என்றாய். "வூட்லதான்டா" என்றேன். "துன்னியா?" "துன்னேன். களி கிண்டினேன்." "என்னா கொழம்பு?" என்றாய். கீரை என்றேன். அப்போது நான் வேப்பமரத்தடியில் நிற்கிற புள்ளியை உன் போனில் பார்த்துக்கொண்டுதானே கேட்டாய்? நான் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்குவதைக் கேட்டுக்கொண்டு, குழம்பு வரைக்கும் விசாரித்தாயே, என்ன மனசு உனக்கு? "மா, நீ திருப்பதில கீற, எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். பெற்றவளைப் பொய் பேசவிட்டு வேடிக்கை பார்த்தாய். டியூபை மடித்துக் கட்டியதைக் கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதற்கு எனக்கு நாள் பிடிக்கும்.

உளவு பார்க்க உன்னிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, நானும் செய்திருக்கிறேன். நீ திருப்பதி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, கிளாசுக்குப் போவதில்லை என்று யாரோ சொன்னார்கள். கேட் எதிரில் டீக்கடைப் பெஞ்சில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ மூன்று பேரோடு சினிமாவுக்குப் போவதைப் பார்த்தேன். ஆனால் அன்று சாயங்காலமே உன் ஹாஸ்டலுக்கு வந்து, பார்த்ததையும் ஒளிந்து உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்தே சொன்னேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. சினிமாவுக்குப் போனது உனக்குப் பெரிதாகப் படவில்லை. "கேட்டிருந்தா சொல்லிருப்பேனே மா" என்றாய். நீ சொன்னது சரி என்று பட்டது, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வலி எப்படி இருக்கும் என்று நம் வீட்டில் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தவன் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் சொல்லாதது. உன்னை அந்தக் காலேஜில் சேர்த்த அன்று டிரங்குப் பெட்டி, பாய், பக்கெட் எல்லாம் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டிவந்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "டிரைவர்லு பயட உண்டாலி" என்றான். டிரைவர் வெளியே இருக்க வேண்டுமாம். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாய். எங்க அம்மா என்று சொல்வாய் என்று பார்த்தேன். நீ பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். பதினேழு வயசுப் பிள்ளை, வெட்கப்படுகிறான் என்று சிரித்துக்கொண்டு வெளியே நின்றேன். அது என் தப்பு. அன்றைக்கே உன் காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும். உன் நைனா போனபோது இந்த வண்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். முப்பத்தெட்டு வயசில் சித்தூரில் ஆபீசர் முன்னால் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். நீ படித்தது, இன்று சட்டைப் பையில் கம்பெனி அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நிற்பது, எல்லாம் நான் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததால்தான். இதை நான் சொல்லிக்காட்டியதே இல்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன். அம்மாக்கள் சொல்லிக்காட்டக் கூடாது என்று யாராவது சொன்னால், அவர்கள் வந்து மலையில் ஒரு நடை ஓட்டிப் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லத்தானே உட்கார்ந்தேன், அதையும் சொல்கிறேன். லாவண்யா எங்கே போகிறாள் என்று தெரிய வேண்டுமானால் லாவண்யாவைக் கேள். அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடு. குழம்பு என்ன என்று கேட்காதே. அவளுக்குப் பரிசு என்று ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பின்னால் வேறு ஒயரை ஓட்டாதே. உன்னைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிற கதைகளில் எது எது பொய்யோ, தாலி கட்டுவதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போனால், போகட்டும். வேண்டாம் என்கிறவர்களைப் பொய்யால் பிடித்து வைத்தால் ஆயுசுக்கும் ஒளிந்துகொண்டேதான் இருக்க வேண்டும், நீ மட்டுமில்லை, நானும்.

மஸ்தான் ஜாயின்ட் வாங்கிப் போட்டு டியூபைச் சரியாகச் சொருகிவிட்டான். நேற்று கோவிந்தம்மாவோடு போகும்போது முள் மேட்டில் ஏறி இறக்கத்தில் இறங்கியது. நல்ல பொருள்தான், எனக்குப் பிடித்திருக்கிறது. கறுப்புப் பெட்டியைக் கழற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. நான் எங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்று இனி உன் போன் சொல்லாது. தெரிய வேண்டுமானால் என்னைக் கேள், அல்லது வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்.

கல்யாணத்துக்கு வருவேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டில் கோவிந்தம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, நம் ஊர் புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு வருவேன். மண்டபத்துக்குப் பின்னால் டிரைவர்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்த மாட்டேன். பந்தலுக்கு நேர் எதிரில், மேளக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு முன்னால், லாவண்யாவின் மாமா உட்பட எல்லோரும் பார்க்க நிறுத்துவேன். நானாக இறங்க மாட்டேன். நீ மாலையும் கழுத்துமாக வெளியே வந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, இவங்கதான் எங்க அம்மா என்று சொல்ல வேண்டும். அதற்கு வராவிட்டால், உன்மேல் அட்சதையை வண்டியிலிருந்தே மனசார வீசிவிட்டு, ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவேன். நீ வருகிறாயா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் என்ஜினை அணைக்க மாட்டேன்.

அம்மா